நாற்பத்தொரு விழுக்காடு

ஓல்டன் நிலையம், காலை ஆறே முக்கால்.
பையில் மூன்று மின்வாசிப்பான்கள்,
வீட்டில் இன்னும் இரண்டு.
ஒன்றுக்குத் திரையில் விரிசல்,
என்றாலும் எறிய மனம் வரவில்லை.
"ஒரு சோடிக் கண்ணுக்கு எத்தனை சிலேட்டடா?"
என்று கேட்பான் மச்சான் நிமலரூபன்.
அவனுக்கு ஒரு சோடிக் கால்,
சப்பாத்துக்கென்றே ஒரு அலுமாரி.

உள்ளே ஆயிரத்து நூற்றுச் சொச்சம் புத்தகங்கள்.
முடித்தவை அறுபத்து மூன்று,
நாயன்மார் கணக்கு.

இத்தனை வருடமும் இந்தக் கருவிக்குள்
தமிழ் உடைந்துதான் கிடந்தது.
'கொ' வந்தால் கொம்பு தனியே கழன்று
ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு நிற்கும்,
கால் இன்னொரு பக்கம்.
'பொழுது' விடியுமுன்
துண்டுகளை நான் பொறுக்கிக் கூட்டவேண்டும்.
கல்வெட்டுக்காரனைப் போலப் பழகிவிட்டேன்.
யாரிடம் முறையிடுவது?
நிறுவனத்துக்கு ஏழு கடிதம் போட்டேன்,
ஏழுக்கும் ஒரே பதில், ஒரே நன்றி.

நேற்றிரவு செய்தி வந்தது, புதிய மென்பொருள்.
நிற அட்டைகள், நீளும் பேட்டரி,
இடக்கைக்காரருக்குத் தனி வசதி,
எல்லாவற்றுக்கும் கீழே பதினேழாவது குறிப்பாக
ஒற்றை வரி: சில ஆசிய எழுத்துகளின் கோளாறு நீக்கப்பட்டது.
சமையலறையில் எழுந்து நின்றுவிட்டேன்.
"ஆருக்குப் பிள்ளை பிறந்தது?" என்றாள் சுகிர்தா.
"பிள்ளை இல்லை, கொம்பு முளைச்சிருக்கு."
"உங்களுக்கு எப்பவோ முளைச்சாச்சு" என்று
பருப்பைக் கிளறப் போய்விட்டாள்.

லுத்சேர்ன் போனது, ஏரி போனது.
எதிர் இருக்கையில், பெட்டித் துண்டின்படி,
வ்ரேனி இம்ஹோஃப்.
விரலில் எச்சில் தொட்டுத் தாள் திருப்புகிறார்.
எர்ஸ்ட்ஃபெல்டு தாண்டியதும் மலை எங்களை விழுங்கியது.
அந்த நேரம் பார்த்துக் கருவி உறைந்தது.
தட்டினேன், தடவினேன், பொத்தானை அமுக்கினேன்,
நாற்பத்தொரு விழுக்காட்டில்
ஒரே பக்கம்.
மற்ற இரண்டிலும் சார்ஜ் இல்லை. (சொல்லவே கூச்சம்.)

நாயகன் அடுத்த பக்கத்தில் சண்டைக்கு நிற்கிறான்.
இங்கே மளிகைக் கடையில் ஒரு பையன்
துவரம்பருப்பு நிறுக்கிறான். அவ்வளவுதான்.

முதல் தடவை ஓட்டமாகப் படித்தேன்.
மூன்றாம் தடவை, அவன் எடைக்கல் வைக்குமுன்
தராசுத் தட்டை முழங்கையால் துடைத்தான்.
நான்கில், நூலைப் பல்லால் கடித்தான்.
ஐந்தில், சிந்திய பருப்பில் ஒன்றை
வாயில் போட்டுக்கொண்டான், முதலாளி பார்க்காதபோது.
ஆறாவதில்தான் உறைத்தது,
எழுதியவர் அவனுக்குப் பேரே வைக்கவில்லை.
'பொட்டலத்தைக் கொடுத்தான்' என்ற இடத்தில்
கொம்பும் காலும் ஒழுங்காக
இரண்டு எழுத்தையும் கைப்பிடித்து நின்றன.
இப்படி எத்தனை பேரைக்
கட்டைவிரலால் தள்ளிவிட்டு வந்திருப்பேன்.

சுரங்கம் முடிந்து வெளிச்சம் அடித்தது.
"ஓடவில்லையா?" என்றார் வ்ரேனி.
திரையைத் திருப்பிக் காட்டினேன்.
'கொ'வின்மேல் விரல் வைத்தார், எச்சில் காயாத விரல்.
"இந்தச் சுருள் முதலில் நிற்கிறதே, முதலில் ஒலிக்குமா?"
"இல்லை. முன்னால் நிற்கும், பின்னால் ஒலிக்கும்."
"என் கணவர் மாதிரி" என்று சிரித்தவர்
சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
சிறிது நேரம் தாள் திருப்பவில்லை.

பெலின்சோனா நடைமேடையில்
பொத்தானை நாற்பது விநாடி அழுத்தியதும்
உயிர் வந்தது.
நாற்பத்திரண்டில் சண்டை, நல்ல சண்டைதான்.
பையன் இல்லை.
ஐம்பதில் தேடினேன், எழுபதில் தேடினேன்.
தேடல் பெட்டியில் எதைத் தட்டுவது,
பேர் இருந்தால் அல்லவா.

கைபேசி அதிர்ந்தது, அடுத்த மாடல் வருகிறதாம்,
பதினெட்டு கிராம் குறைவாம்.
நிறுத்துச் சொல்ல
அவனைத்தான் கேட்கவேண்டும்.